பிரஷ் கட்டரும் வன்னிக் கன்றும்

ஜோத்பூரில் எங்கள் காலனிப் பூங்காவுக்கு பிரஷ் கட்டர் வாங்கலாம் என்று மீட்டிங்கில் முதலில் கை தூக்கியவன் நான்தான். நாலு பேர் இரண்டு நாள் செய்யும் வேலையை ஒரே ஆள் அரை நாளில் முடிப்பார் என்று கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். முடித்தும் விட்டார். மறுநாள் காலை வாக்கிங் போனால், இரண்டு மழைக்காலம் தாண்டி முழங்கால் உயரம் வந்திருந்த கெஜ்ரிக் கன்றுகளைக் காணோம். புல்லோடு புல்லாகச் சீவியாச்சு!

கெஜ்ரி வேறொன்றுமில்லை, நம்மூர் வன்னி மரம்தான். ராஜஸ்தானின் மாநில மரம். இங்கே பக்கத்தில் கேஜட்லி கிராமத்தில், 1730-ல் இந்த மரத்தை வெட்ட விடாமல் 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டார்கள். நாங்கள் பெட்ரோல் ஊற்றி வெட்டியிருக்கிறோம். மாலியைக் குற்றம் சொல்லி என்ன பயன்? முள்ளோடு நிற்கிற சின்னக் கன்று பார்க்கக் களை மாதிரிதான் இருக்கும். காட்டிக் கொடுக்காதது எங்கள் தப்பு.

அதற்காக மெஷினே கூடாது என்று சொல்ல வரவில்லை. எந்த மெஷின் எந்த வேலைக்கு என்று தெரிந்து கையில் எடுங்கள் என்கிறேன்.

குழி போட எர்த் ஆகர் அருமை. மணல் மண்ணில் சடசடவென்று இறங்கும். களிமண்ணில் குழியின் சுவர் வழவழவென்று இறுகிவிடும். கடப்பாரையால் கீறி விடாவிட்டால் வேர் உள்ளேயே சுற்றும். வருஷத்தில் நாலு நாள் வேலைக்கு வாடகை போதும், வாங்காதீர்கள்.

சீமைக்கருவேலத்துக்கு செயின் ஸா கொண்டு போகாதீர்கள். தரைக்கு மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாய்த் துளிர்க்கும். தரைக்குக் கீழே வெட்டப் போனால் மண் பட்டு செயின் மழுங்கும். ஒரு முழம் தோண்டி, முன்னும் பின்னும் ஓடுகிற ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தால் வேரை அறுப்பதே வழி. பாறை என்றால் அதுவும் உதவாது. மெஹ்ரான்கட் கோட்டையை ஒட்டிய ராவ் ஜோதா பூங்காவில், 2006-க்குப் பிறகு, கல்லுடைக்கும் கந்த்வாலியா தொழிலாளர்கள்தான் சுத்தியலும் உளியுமாகப் பாறையைக் குடைந்து அந்த வேர்களை எடுத்தார்கள்.

பிரஷ் கட்டர்? நடைபாதை ஓரத்துக்கு மட்டும். அதன் நைலான் கயிறு அடிப்பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் வளர்ந்த கன்றும் காய்ந்து போகும். சொந்த மண்ணின் புல்லை, விதை உதிர்ந்த பிறகு அரிவாளால் அறுத்தால் போதும். ஆள் கூலி கூடத்தான் ஆகும். ஆனால் கை நின்று பார்க்கும், மெஷின் பார்க்காது. அன்று நான் போட்ட கணக்கில் விட்டுப்போனது இதுதான்.

சீவிய இடத்தில் ஐந்து கன்றுகள் மறுபடி துளிர்த்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். மொத்தச் செலவு ஐம்பது ரூபாய் கூட இல்லை. அதை முதலில் செய்திருக்கலாம்.