பழுது சார்ஜரிலா, லேப்டாப்பிலா?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தவர்கள் பழைய லேப்டாப் வாங்கக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போவார்கள். மறையூர்க்காரர்களுக்கு உடுமலைப்பேட்டை அருகில். குமுளி, பூப்பாறை என்றால் தேனி, போடி. 2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற இணையவழிப் பள்ளி வகுப்புகள் தொடங்கி, தமிழ்வழிப் பாடங்களும் திரையில் வரத் தொடங்கியபின், லேப்டாப் என்பது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலும் தேவையான பொருளாகிவிட்டது. புதியது வாங்க முடியாதவர்கள் பழையதை வாங்கினார்கள். கொண்டுவந்த சில நாளில் சார்ஜ் ஏறாமல் போனால், மலையிறங்கித் திரும்ப ஒரு முழு நாள் போய்விடும். அதற்குமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு.

'சார்ஜர் போச்சு' என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் மின்சாரம் சுவரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் நான்கு இடங்கள் இருக்கின்றன: சுவர் பிளக், கறுப்புப் பெட்டியான அடாப்டர், லேப்டாப்பில் பின் நுழையும் துளை, பேட்டரி. எதில் கோளாறு வந்தாலும் வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான்.

முதலில் அடாப்டரின் வேலை. வீட்டுக்கு வருவது திசை மாறி மாறிப் பாயும் 230 வோல்ட் மின்சாரம், இது ஏசி. லேப்டாப்புக்கு வேண்டியது ஒரே திசையில் பாயும் சுமார் 19 அல்லது 20 வோல்ட், இது டிசி. ஏசியை டிசியாக்கிக் குறைப்பதுதான் அடாப்டர். அதன் அடியில் ஒட்டியிருக்கும் சிறு எழுத்துகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். 'உள்ளீடு 100-240 வோல்ட், வெளியீடு 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர்' என்பதுபோல இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது மொத்தத் திறன் கிடைக்கும். இங்கே அது 65 வாட். வோல்ட் லேப்டாப் கேட்பதோடு பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால்தான் சிக்கல்.

100 முதல் 240 வரை ஏற்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். மாலையில் விளக்கு மங்கினால் 'லோ வோல்டேஜால் சார்ஜர் கெட்டது' என்று சொல்லிவிடுகிறோம். 170 வோல்ட் வந்தாலும் நல்ல அடாப்டர் தன் வேலையைச் செய்யும்; அதற்கென்று ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. உண்மையான எதிரி மின்னல். ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலும், அக்டோபர், நவம்பர் துலா மழையிலும் இடுக்கி மலைகளில் இடி கடுமையாக இருக்கும். மின்கம்பி வழியே பாய்ந்துவரும் உயர் அழுத்தம் அடாப்டரின் உள்ளிருக்கும் ஃபியூஸையும் அதை அடுத்த பாகங்களையும் எரித்துவிடும். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. பிளக்கையே பிடுங்கி வைக்க வேண்டும்.

இனிச் சோதனை. நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்த ஒரு பிளக் பாயின்ட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் செருகுங்கள். பின்னை லேப்டாப்பில் இணைக்க வேண்டாம். பல அடாப்டர்களில் ஒரு சிறு விளக்கு உண்டு. அது எரியவே இல்லை என்றால், சுவரிலிருந்து வரும் பவர் கார்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதன்பிறகும் எரியாவிட்டால் அடாப்டர் போய்விட்டது. விளக்கு நிலையாக எரிந்து, லேப்டாப்பில் செருகியதும் அணைந்தால் விஷயம் வேறு. சுமையைத் தாங்க முடியாமலோ எதிரே ஷார்ட் சர்க்யூட்டைக் கண்டோ அடாப்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. எது என்று அறிய, அதே வகை சார்ஜர் இன்னொன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அதுவும் அணைந்தால் கோளாறு லேப்டாப்புக்குள் இருக்கிறது. புது சார்ஜர் வாங்கிப் பயனில்லை. அணைந்த அடாப்டரைச் சுவரிலிருந்து எடுத்து ஓரிரு நிமிடம் விட்ட பிறகே மறுபடி சோதிக்க வேண்டும்.

விளக்கு எரிந்தும் சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால், முதல் சந்தேகம் ஒயர் மேல். அது பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்திலோ பின்னை ஒட்டிய இடத்திலோதான் உள்ளே முறியும். அந்த இடங்களை மெதுவாக வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் பின்னின் வோல்ட்டை அளந்து '19 இருக்கு, நல்லாயிருக்கு' என்பார். அது பாதி உண்மை. சுமை இல்லாமல் 19 காட்டும் பழைய அடாப்டர், லேப்டாப் இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடக்கூடும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்து வலுவிழப்பதே காரணம். அதற்காகப் பெட்டியைப் பிளக்க வேண்டாம். பிளக்கில் இருக்கும்போது அதனுள் 325 வோல்ட் வரை இருக்கும். பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது தங்கலாம்.

பழைய லேப்டாப்பில் மட்டும் அதிகம் காணும் கோளாறு ஒன்று உண்டு. பெரிய அலுவலகங்கள் குத்தகை முடிந்து மொத்தமாகக் கழித்துவிடும் டெல் லேட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட் வகைகளே கடைகளுக்கு அதிகம் வருகின்றன. வரும்போது லேப்டாப்பும் சார்ஜரும் பிரிந்துவிடும். கடையில் எந்தப் பின் நுழைகிறதோ அந்தச் சார்ஜர் கூடவே கிடைக்கும். டெல்லிலும் ஹெச்பியிலும் பழைய தடித்த பின் இரண்டும் 7.4 மில்லிமீட்டர்தான், ஒன்று மற்றொன்றில் நுழையும். ஆனால் நடுவில் இருக்கும் ஊசி மின்சாரம் தருவதற்கல்ல. அடாப்டர் எத்தனை வாட் என்பதை லேப்டாப்புக்குச் சொல்வதற்கு. டெல் அடாப்டரில் இதற்கென்றே ஒரு சிறு நினைவக சிப் இருக்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ, அதன் மெல்லிய கம்பி அறுந்தாலோ, வேறு நிறுவனத்து அடாப்டராக இருந்தாலோ 'அடாப்டரின் வகையைக் கண்டறிய முடியவில்லை' என்று டெல் திரையில் அறிவிக்கும். லேப்டாப் ஓடும்; ஆனால் மந்தமாக ஓடும், பேட்டரி ஏறாது. பலர் இதைப் பேட்டரிக் கோளாறு என்று எண்ணிப் புதுப் பேட்டரி வாங்குகிறார்கள்.

சார்ஜர் சரி என்றால் துளையைப் பாருங்கள். பின் ஆடினால் உள்ளே சால்டர் விட்டிருக்கலாம், சின்ன வேலைதான். 80 சதவீதத்தில் ஏறுவது நின்றுவிட்டால் அது பழுதே அல்ல. பேட்டரி ஆயுளுக்காக முந்தைய உரிமையாளர் வைத்த கட்டுப்பாடு மாற்றப்படாமல் இருக்கலாம். டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே நிறுத்திவிட வேண்டும்.

உலோக உடலைத் தொட்டால் 'சுர்' என்கிறதா? மூன்று பின் பிளக்கில் பெரிய பின் எர்த்துக்கானது. அது இணையாதபோது அடாப்டரின் வடிகட்டியிலிருந்து மிகச் சிறிய கசிவு உடலுக்கு வருகிறது. இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகும் வீடுகளிலும், எர்த் சரியில்லாத பழைய லயங்களிலும் இது சாதாரணம். சார்ஜரை மாற்றினால் தீராது. எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

டைப்-சி சார்ஜர் உள்ள லேப்டாப்பில் வோல்ட்டை இரு பக்கமும் பேசி முடிவு செய்கின்றன. அங்கே கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட்டுக்கு மேல் கடத்தாது.

வாங்கும்போதே செய்யக்கூடியவை இரண்டு. லேப்டாப்பின் அடியில் எழுதிய வோல்ட், வாட் அளவோடு சார்ஜரை ஒப்பிட்டு, பேட்டரி சதவீதம் ஏறுவதைக் கடையிலேயே நின்று பார்ப்பது ஒன்று. கட்டாயப் பதிவு ஆணைப்படி, அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) குறியும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். பவர் கார்டையும் விட்டுவிடக் கூடாது. சூடேறி எரியும் ஆபத்து உண்டென்று, 'எல்எஸ்-15' என்று பொறித்த கார்டுகளை ஹெச்பி 2014-இல் உலகெங்கும் திரும்பப் பெற்றது; அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் சுமார் 60 லட்சம். அவை 2010 முதல் 2012 வரை விற்றவை. அந்தக் கால லேப்டாப்போடு வரும் கார்டின் முனையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஒரிஜினல் சார்ஜருக்கு விலை கூடுதல்தான். பதிவு எண் உள்ள, வாட் பொருந்திய வேறு நிறுவனச் சார்ஜரும் பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து. எண்ணே இல்லாத மலிவுச் சார்ஜரை மட்டும் இரவில் ஆளில்லாமல் ஏற விடாதீர்கள்.