போஸ்டர் பிரிண்டர்: முதலில் சதுர அடிக் கணக்கு

நாலைந்து வருடம் யாரோ ஒருவர் கடையில் போட்டோஷாப்பும் கோரல்டிராவும் ஓட்டிப் பழகிய இளைஞர், சொந்தமாகக் கடை போட முடிவெடுத்ததும் முதலில் விசாரிப்பது பெரிய சைஸ் பிரிண்டரின் விலையைத்தான். முத்ரா கடனுக்கோ, மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் மானியக் கடனுக்கோ மனுப் போடும்போது கூட வைப்பதும் அந்த விலை போட்ட கொட்டேஷன்தான். வங்கி அதைப் பார்த்துக் கடன் கொடுக்கிறது. வாங்குபவரும் அதையே பார்த்து எது மலிவு என்று முடிவுசெய்கிறார். தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. போஸ்டர் அச்சில் மெஷின் விலை ஒரே ஒரு தடவைச் செலவு. இங்க், பேப்பர், இங்க் தெளிக்கும் ஹெட், பழுது என்று மாதாமாதம் போகிற பணம்தான் கடை நிற்குமா, மூடுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு சதுர அடி அடிக்க எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் எந்த பிரிண்டரையும் மலிவு என்று சொல்ல முடியாது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். டபுள் டெமி போஸ்டர் சுமார் 22.5 அங்குலத்துக்கு 35 அங்குலம். அதாவது ஏறக்குறைய ஐந்தரை சதுர அடி. படமும் நிறமும் நிறைந்த போஸ்டருக்குச் சதுர அடிக்குச் சுமார் 1 மில்லி இங்க் பிடிக்கும். கருப்பு, கருநீலப் பின்னணி என்றால் இன்னும் கூடும். இப்போது இரண்டு மெஷின்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1 லட்சம் ரூபாய். சின்ன கார்ட்ரிட்ஜ், மில்லிக்கு 60 ரூபாய் விழுகிறது. இன்னொன்று 3 லட்சம். பெரிய கார்ட்ரிட்ஜ் என்பதால் மில்லிக்கு 25 ரூபாய்தான். மாதம் 500 சதுர அடி, அதாவது நாளொன்றுக்கு மூன்று போஸ்டர் அடித்தால், முதல் மெஷினுக்கு இங்க் மட்டும் 30,000 ரூபாய், இரண்டாவதற்கு 12,500. மாதம் 17,500 ரூபாய் வித்தியாசம். மெஷின் விலையில் கூடுதலாகக் கொடுத்த 2 லட்சம் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் லாபம். விலை குறைவு என்று முதல் மெஷினை வாங்கியவர் கடன் முடியும்வரை அந்த வித்தியாசத்தைக் கட்டிக்கொண்டே இருப்பார். புது மெஷினோடு வரும் இங்கை நம்பியும் கணக்குப் போடக் கூடாது. அது பெரும்பாலும் அளவு குறைந்த ஆரம்ப கார்ட்ரிட்ஜ். அதிலும் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் பேசும். மாதம் 100 சதுர அடிதான் வேலை, அதாவது 18 போஸ்டர் என்றால், இங்க் வித்தியாசம் 3,500 ரூபாயாகச் சுருங்கிவிடும். கூடுதல் 2 லட்சத்தை மீட்க ஐந்து வருடம் ஆகும். அப்படிப்பட்டவருக்குச் சின்ன மெஷினே போதும். உண்மையைச் சொன்னால், மெஷினே வேண்டாம். ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் கடையில் ஜாப் ஒர்க்காகக் கொடுத்து வாங்குவதுதான் லாபம். மறுபக்கம், ஒரே போஸ்டர் நூற்றுக்கணக்கில் வேண்டும் என்றால் அது ஆப்செட் வேலை. நான்கு பிளேட் போட்டு ஓட்டினால் பிரதி எண்ணிக்கை ஏற ஏற, ஒரு பிரதிக்கான செலவு இறங்கும். சிவகாசியின் அச்சுத் தொழில் வளர்ந்ததே இந்தக் கணக்கில்தான். பெரிய சைஸ் பிரிண்டரில் முதல் போஸ்டருக்கு என்ன செலவோ அதேதான் நூறாவது போஸ்டருக்கும். ஒன்று, ஐந்து, இருபது என்று சின்ன எண்ணிக்கையில், வேறு வேறு டிசைனில், அன்றைக்கே கொடுக்க வேண்டிய வேலைதான் இதன் களம்.

மெஷின் வாங்குவது என்று முடிவானால், எந்த வகை என்பது அடுத்த கேள்வி. சந்தையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 24 அங்குல பிரிண்டர்களில் பல, கட்டட வரைபடம் போடும் பொறியாளர்களுக்காகச் செய்யப்பட்டவை. கோடும் எழுத்தும் கூர்மையாக வரும். முகத்தின் நிறமும் வானத்தின் சாயலும் மெல்ல மெல்ல மாறவேண்டிய இடத்தில் அவை திணறும். போஸ்டருக்கென்று வரும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பிக்மென்ட் இங்க் மாடல்கள் வேறு. போட்டோவைச் சட்டம் போட்டு விற்பவர்களுக்குப் பத்து, பன்னிரண்டு நிற மெஷின் தேவைப்படலாம். போஸ்டருக்கு நான்கைந்து நிறம் போதும். அகலத்திலும் ஆசைப்பட வேண்டாம். டபுள் டெமியும் ஏ1 அளவும் 24 அங்குல ரோலில் அடங்கும். கருத்தரங்குகளுக்குக் கல்லூரிகள் கேட்கும் ஏ0 அளவுக்கு 36 அங்குலம் வேண்டும். 44 அங்குலத்துக்குப் போக, அந்த அகலத்துக்கு வாடிக்கையாளர் கைவசம் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 2400 டிபிஐ என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் தேவையில்லை. அது துளி எவ்வளவு நெருக்கமாக விழும் என்பதைச் சொல்வது. ஆறடி தள்ளி நின்று பார்க்கும் போஸ்டருக்கு, முழு அளவில் 150 டிபிஐ உள்ள படமே தெளிவாக இருக்கும்.

‘தண்ணீர் இங்க் மெஷின் எதற்கு? எக்கோ சால்வென்ட் (கரைப்பான் இங்க்) மெஷின் வாங்கினால் பிளெக்ஸ், வினைல், போஸ்டர் எல்லாம் ஒரே மெஷினில் அடிக்கலாமே’ என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெயிலிலும் மழையிலும் நிற்கவேண்டிய வேலைக்குத் தண்ணீர் இங்க் தாங்காது. அந்த வேலை கையில் இருப்பவருக்கு எக்கோ சால்வென்ட்தான் சரி. ஆனால் அந்த மெஷினுக்கு இடம் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், தினமும் ஓட்டம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிளெக்ஸ் சந்தையில் ஏற்கெனவே ஊருக்குப் பத்துக் கடைகள் சதுர அடிக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் குறைத்து அடித்துக்கொள்கின்றன. அங்கே புதிதாக நுழைபவருக்குக் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் விலையைக் குறைப்பதுதான்; கடனில் வாங்கிய மெஷினை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. கடைக்குள் மாட்டும் போஸ்டர், கண்காட்சி, பள்ளி, கல்லூரி, நாடகம், புத்தக வெளியீடு என்று தரம் பார்த்துக் காசு கொடுக்கும் வேலையைக் குறிவைப்பவருக்குத் தண்ணீர் இங்க் மெஷினே மலிவு.

அடுத்த வாதம், மெஷின் கம்பெனியின் இங்க்குக்குப் பதில் வெளி இங்க் போட்டால் செலவு பாதியாகுமே என்பது. வாரன்ட்டி முடிந்த பழைய மெஷினில், ஒரே இடத்தில் ஒரே தரத்தில் தொடர்ந்து கிடைக்கும் இங்க் என்றால் இது சிலருக்குக் கைகொடுக்கலாம். புது மெஷினில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம். பல மாடல்களில் வெளி கார்ட்ரிட்ஜின் சிப்பை மெஷின் ஏற்காது. ஏற்றாலும் நிறம் மாறும், அதற்கு நிற புரொபைல் புதிதாகப் போட வேண்டும். ஹெட் அடைத்தால் கம்பெனி கைவிரித்துவிடும். ஹெட்தான் இந்த மெஷினின் உயிர். சில வகைகளில் ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம். சிலவற்றில் ஆயுள் அதிகம், ஆனால் மாற்ற டெக்னீஷியன் வரவேண்டும், செலவும் பெரிது. வாங்கும் முன்பே ஹெட் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஓடாத மெஷினில் இங்க் காய்ந்து அடைக்கும். அதைச் சுத்தம் செய்யவே இங்க் போகும். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஹெட் மூடியின்மேல் போய் உட்காராமல் நடுவழியில் திறந்தபடி நின்று காயும். நம் ஊர்களில் யூபிஎஸ் செலவையும் மெஷின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதும் விலைதான். மெஷின் நின்ற நாளின் வருமானத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களும் இதே அளவுகோலை வைக்கலாம். கண் முன்னால், ஹெட்டின் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் அடிக்கச் சொல்லுங்கள்; கோடு விட்டுப் போயிருந்தால் விலையைப் பேசவே வேண்டாம். அந்த மாடலுக்கு ஹெட்டும் உதிரிப் பாகமும் இன்னும் வருகின்றனவா, கழிவு இங்க் டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். புதிதோ பழையதோ, விற்பவர் வைத்திருக்கும் மாதிரிப் படத்தைப் பார்த்து ஏமாறாமல் உங்கள் ஃபைலைக் கொண்டுபோய் அடித்துப் பாருங்கள். அதில் ஒரு மனித முகம், ஒரு சாம்பல் நிறச் சாயல், கருப்புப் பின்னணியில் வெள்ளையாகப் பொடி எழுத்தில் தமிழ் வரிகள், இந்த மூன்றும் இருக்கட்டும். முகம் சிவந்தோ பச்சையடித்தோ தெரியக் கூடாது. சாயலில் பட்டை விழக் கூடாது. மெய்யெழுத்தின் புள்ளி இங்க் பரவி மூடிவிடக் கூடாது. பல மாடல்களில் ஒரு வேலைக்கு எத்தனை மில்லி இங்க் போனது என்பதை மெஷினே கணக்கு வைக்கிறது. அந்த எண்ணை அங்கேயே குறித்துக்கொண்டால் சதுர அடிச் செலவு கைக்கு வந்துவிடும்.

‘கடை திறக்கும் முன் எவ்வளவு வேலை வரும் என்று யாருக்குத் தெரியும்?’ என்பது கடைசி ஆட்சேபம். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. மூன்று மாதம் ஆர்டர் பிடித்து வெளியில் கொடுத்து அடித்து வாங்குங்கள். பில் புத்தகத்தைக் கூட்டினாலே மாதத்துக்கு எத்தனை சதுர அடி, எந்த அளவு, எந்தப் பேப்பர் என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் தேறாத தொழில், மெஷின் வந்ததும் தேறிவிடாது. கடன் தரும் வங்கிகளும் மாவட்டத் தொழில் மையங்களும் கொட்டேஷனோடு திருப்தி அடையாமல் மெஷின் விலை, மில்லிக்கு இங்க் விலை, ஹெட் விலை, ஆண்டுப் பராமரிப்பு, எதிர்பார்க்கும் சதுர அடி ஆகியவை அடங்கிய ஒரு பக்கத் தாளைக் கட்டாயம் கேட்க வேண்டும். அந்த ஒரு தாள் பல குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றும். அந்த நடைமுறை வரும்வரை வாங்குபவர்தான் உஷாராக இருக்க வேண்டும். ஒரு சதுர அடிக்கு இங்க் செலவு எவ்வளவு என்பதை எழுத்தில் தராத விற்பனையாளரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.