ஒரு கையெழுத்து, 7,928 ஓட்டு



ஃப்ரிட்ஜ் கதவில், தயிர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இன்சுலின் வைத்திருக்கும் வீடுகள் இப்போது எத்தனை! மாதாமாதம் மருந்துக்கடை பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நமக்குப் புதிதில்லை. இந்த மாதம் அமெரிக்க செனட் தேர்தல் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன். ஆனால் அந்த ஃப்ரிட்ஜ் கதவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2022 ஆகஸ்ட். மெடிகேர் காப்பீட்டில் உள்ள முதியவர்கள் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் தர வேண்டாம் என்ற அம்சம் அடங்கிய மசோதா செனட்டுக்கு வந்தது. மொத்தம் 100 பேர். ஆதரவு 50, எதிர்ப்பு 50. சமநிலையை உடைக்க அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் போட்ட ஓட்டால்தான் அது தப்பியது. ஆதரித்த 50 பேரில் ஒருவர் குறைந்திருந்தால்?

அந்த 50 பேரில் ஒருவர் நெவாடா மாநிலத்தின் கேத்தரின் கோர்டெஸ் மாஸ்டோ. லத்தீனோ சமூகத்திலிருந்து செனட்டுக்குப் போன முதல் பெண். 2016ல் ஜெயித்தவர், 2022 நவம்பரில் மறுபடியும் மக்களைச் சந்திக்க வேண்டியிருந்தது.

நேரம் சரியில்லை. நெவாடாவில் பெட்ரோல் கேலன் 5 டாலரைத் தாண்டியிருந்தது. வீட்டு வாடகை ஏறியிருந்தது. மளிகை பில்லைப் பார்க்கிறவருக்கு, பதவியில் இருப்பவர்மேல்தானே கோபம் வரும்? அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், விலைவாசிக்காக ஒருவரைத் தண்டிக்கும் முன், நம் வீட்டுச் செலவைக் குறைக்க அவர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்றும் பார்க்க வேண்டாமா?

பார்த்தவர்கள் இருந்தார்கள். லாஸ் வேகாஸ் ஹோட்டல்களில் படுக்கை விரிப்பவர்கள், சமைப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள் என ஏறக்குறைய 60,000 பேர் கொண்டது கலினரி யூனியன். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். 10 லட்சம் கதவுகளைத் தட்டியதாக யூனியன் சொன்னது.

இன்னொரு வேலையும் நடந்தது. அங்கே தபாலில் ஓட்டுப் போடலாம். உறைமேல் போட்ட கையெழுத்து பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஓட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். கை நடுங்கும் நம் தாத்தாவுக்கு பேங்கில் நடப்பதுதான். சில நாட்களுக்குள் "அது என் கையெழுத்துதான்" என்று உறுதி செய்தால் ஓட்டு எண்ணப்படும். அப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து நினைவூட்டினார்கள் தொண்டர்கள்.

நவம்பர் 8ல் தேர்தல். ஆரம்ப எண்ணிக்கையில் எதிர்த்து நின்ற ஆடம் லக்ஸால்ட் முந்தினார். தபால் ஓட்டுகளை எண்ண எண்ண இடைவெளி சுருங்கியது. 12ஆம் தேதி இரவு கோர்டெஸ் மாஸ்டோ ஜெயித்தார் என்று தெரிந்தது. பதிவானது 10 லட்சத்துக்கும் மேல், வித்தியாசம் 7,928. நம் நோட்டா போல நெவாடாவிலும் 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்று குத்தலாம். அப்படிக் குத்தியவர்கள் 12,000க்கும் மேல்!

"யார் வந்தால் என்ன?" என்று நாமும் அடிக்கடி சொல்கிறோம். யார் வந்தால் என்ன என்பதற்கு அந்த 35 டாலர்தான் பதில். 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

நிச்சயம் ஜெயிப்பவரைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். இழுபறியில் நிற்பவருக்குத்தான் நம் ஒரு மணி நேரமும் ஒரு ஓட்டும் தேவை. அவர் நமக்கு நல்லது செய்தவர் என்றால், கைவிடுவது நியாயமா?

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில். இங்கிருந்து நாம் ஒரு பைசாகூட அங்கே தேர்தல் நிதியாக அனுப்பக்கூடாது, அது சட்டம். ஆனால் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் ஓட்டுப் போடலாம். கிரீன் கார்டு மட்டும் உள்ளவர்கள் ஓட்டுப் போட முடியாவிட்டாலும் நிதி தரலாம், தொண்டராகப் போகலாம். யாருக்கு என்பது அவரவர் மனசாட்சி.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: "ஓட்டர் லிஸ்ட்ல பேர் பதிஞ்சாச்சா?"

அன்புடன்,
ஆசிரியர்