காட்டிக் கொடுப்பதா? கண்டும் காணாமல் இருப்பதா?

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு முறை போய் வாருங்கள். மனைப் பிரிவு விளம்பரம், மாப்பிள்ளை ஊர்வலம், கடைத் திறப்பு விழா, புதிதாக எழும்பும் தொழிற்சாலைக் கூரை என்று எதைப் படமெடுக்க வேண்டுமானாலும் இன்று ட்ரோன்தான். கீழே ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் இருபது, இருபத்திரண்டு வயது இளைஞன். அவனிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார் இல்லை.

சான்றிதழ் இல்லாமல் காசுக்கு ட்ரோன் பறக்க விடுகிறவனைப் பற்றிப் புகார் கொடுக்கலாமா, கூடாதா? "நம்ம பையனை நாமே காட்டிக் கொடுப்பதா?" என்கிறார் ஒருவர். "பணம் கட்டிப் பயிற்சி முடித்தவன் வாயில் மண் விழுகிறதே, உடனே எழுதிப் போடு" என்கிறார் இன்னொருவர். சகோதரர்களே! இருவரும் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படை நிலையத்தின் மீது ட்ரோன் மூலம் குண்டு வீசப்பட்டது. இனி கெடுபிடி கூடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகள் கெடுபிடியைக் குறைத்தன. 25 படிவங்கள் 5 ஆயின. 72 வகைக் கட்டணங்கள் 4 ஆயின. 2022 திருத்தத்தில் 'லைசென்ஸ்' என்ற சொல்லே போய், பயிற்சி நிலையம் தரும் சான்றிதழ் போதும் என்று ஆனது.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால் போதும். சான்றிதழுக்கு அரசு விதித்த கட்டணம் 100 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். செலவெல்லாம் பயிற்சிக்குத்தான். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை எடையுள்ள ட்ரோனை வீட்டு விசேஷத்தில் ஆசைக்குப் பறக்க விட்டால் சான்றிதழ் தேவையில்லை. அதையே கூலி வாங்கிக்கொண்டு செய்தால் சான்றிதழ் கட்டாயம். ட்ரோனுக்குப் பதிவு எண்ணும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். மீறினால் அந்த விதிகளின்படி அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. சபராளி மச்சான் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தது என்றால், வில்லங்கம் ட்ரோனிலேயே இருக்கிறது.

போட்டிக்காகப் புகாரா?

பக்கத்துக் கடைக்காரனின் தொழிலைக் கெடுக்க எழுதும் மொட்டைக் கடுதாசிக்குப் புகார் என்று பெயர் வைக்காதீர்கள். அது எங்கே போய் முடியும் என்பதற்கு ஓர் உதாரணம்.

2018 டிசம்பரில் லண்டன் அருகே கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிந்ததாகத் தகவல் வந்தது. சுமார் ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன. உடனே அக்கம்பக்கத்தில் வசித்த ஒரு கணவன் மனைவி மீது சந்தேகம் விழுந்தது. ஆயுதம் ஏந்திய போலீசார் வீட்டுக்குள் புகுந்து இருவரையும் கைது செய்தனர். பத்திரிகைகள் படத்தோடு பெயரைப் போட்டன. 36 மணி நேரம் கழித்து, குற்றமற்றவர்கள் என்று விட்டார்கள். பிறகு போலீஸ் மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் வழக்குச் செலவுமாக 2 லட்சம் பவுண்டு கொடுத்தது. உண்மைக் குற்றவாளி பிடிபடவே இல்லை.

அங்கே மன்னிப்பாவது கிடைத்தது. நம் பெயருள்ள ஓர் இளைஞன் மீது இப்படி ஒரு புகார் போனால் அபராதத்தோடு நிற்குமா? எங்கிருந்து பணம் வந்தது, யாருக்காகப் படம் எடுத்தாய் என்று கேள்வி எங்கெல்லாம் போகும் என்பது நமக்குத் தெரியாததா? காகிதம் இல்லாதவனிடம் முதலில் நேரில் பேசுங்கள். பயிற்சிக்கு வழி காட்டுங்கள்.

வாய்மூடி இருக்கக் கூடாத இடம்

அதற்காக "நம்ம பையன்" என்று எல்லாவற்றையும் மூடி மறைப்பதா? அது அதைவிடப் பெரிய தவறு.

2025 ஜனவரி 9 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காட்டுத்தீ. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில், வேடிக்கை பார்க்க ஒருவர் பறக்க விட்ட சிறிய ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. ஊர் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விமானம் வேலைக்கு உதவாமல் தரையில் நின்றது.

நம் பகுதிக்கு வாருங்கள். வல்லம் வடகாலில் தொழிலாளர்கள் தங்குவதற்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கே தங்குவது பெரும்பாலும் வெளியூர்ப் பெண்கள். அப்படிப்பட்ட விடுதியின் மாடிக்கு மேல் ஒருவன் கேமராவோடு ட்ரோனை நிறுத்தினால், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று யோசித்துக்கொண்டிருப்பீர்களா? கூட்டத்தின் தலைக்கு மேல் தாழப் பறக்க விடுகிறவன், விமான நிலையத்தை ஒட்டிய தடைப் பகுதியில் ஏற்றுகிறவன், தடுத்துச் சொன்னபிறகும் கேட்காதவன் ஆகியோர் மீது தயங்காமல் புகார் கொடுங்கள். இடம், நேரம், கண்ணால் கண்டது, இவை மட்டும் போதும். ஊகத்தைச் சேர்க்காதீர்கள். ட்ரோன் விழுந்து மண்டை உடைந்த குழந்தையின் தாய், விட்டவன் பெயரையா கேட்பாள்?

வியாபாரிகளே, உங்களைத்தான்!

சான்றிதழ் இல்லாதவனை வளர்ப்பது யார்? ஐயாயிரம் கேட்டவனை அனுப்பிவிட்டு, இரண்டாயிரத்துக்கு வருகிறவனைக் கூப்பிடும் நீங்கள்தான்! லாரி டிரைவரை வேலைக்கு வைக்கும்போது லைசென்ஸ் கேட்கிறீர்கள். ட்ரோன்காரனிடம் ஏன் கேட்பதில்லை? நாளை உங்கள் கடைத் திறப்பு விழாவில் அது விழுந்தால், காப்பீடு இல்லாத நிலையில் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கூப்பிட்ட நீங்கள்தானே! சான்றிதழ், பதிவு எண், காப்பீடு மூன்றையும் காட்டினால்தான் முன்பணம் என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள். பாதிப் புகார்களுக்கு வேலையே இருக்காது. காசு கட்டிப் படித்தவனுக்கும் நியாயம் கிடைக்கும்.

இளைஞனே! வல்லம் வடகால் சிப்காட்டில் ஆளில்லா விமானங்களுக்கான பொதுச் சோதனை மையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. தமிழக அரசு இதற்கென்றே ஒரு கழகம் வைத்திருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகளாக ட்ரோன் ஆராய்ச்சி நடக்கிறது. இத்தனையும் உன் வாசலுக்கு அருகில் இருக்க, போலீஸ் ஜீப்பைக் கண்டதும் ரிமோட்டைப் பைக்குள் ஒளிக்கும் பிழைப்பு உனக்கு எதற்கு? பயந்து செய்யும் தொழிலில் கூலியைக்கூட வாய் திறந்து கேட்க முடியாதே! சான்றிதழை வாங்கு. தலை நிமிர்ந்து பறக்க விடு.

அதற்குப் பிறகு உன்னைக் காட்டிக் கொடுக்க எவனால் முடியும்?