யாருடைய பால்யம்?

'ஷீ-ரா' என்ற குழந்தைகள் கார்ட்டூன் தொடரை 2018இல் நெட்ஃப்ளிக்ஸ் புதிதாக வெளியிட்டபோது, அமெரிக்காவில் கூக்குரல் போட்டவர்களில் மீசை முளைத்தவர்களே அதிகம். மூலம் சிதைந்துவிட்டதாம். கதாநாயகி போதிய அழகாக இல்லையாம்.

எது இந்த மூலம்? மேட்டல் கம்பெனியின் பொம்மைகளுக்குத் துணையாக 1985 முதல் ஃபில்மேஷன் ஸ்டூடியோ தயாரித்த 93 பகுதிகள். செலவை மிச்சம் பிடிக்க ஒரே ஓட்டத்தையும் ஒரே வாள்வீச்சையும் திரும்பத் திரும்ப ஒட்டிய படம். அதிலிருந்து ஓர் உலகத்தை உண்டாக்கிக்கொண்டது பார்த்த குழந்தையின் கற்பனை. அந்த வரவைப் படத்தின் பேரில் எழுதுவது கள்ளக்கணக்கு.

புதிய தொடரை உருவாக்கிய என்.டி. ஸ்டீவன்சன் மூலத்துக்கு விசுவாசம் காட்டவில்லை. நல்ல காரியம். பழையதில் வில்லிகளில் ஒருத்தியாக இருந்த கேட்ரா, இதில் நாயகி அடோராவோடு ஒன்றாக வளர்ந்த தோழி. எனவே ஒவ்வொரு சண்டையிலும் ஓர் உறவு காயப்படுகிறது. பொம்மை விற்க இது வேண்டியதில்லை; கதைக்கு வேண்டும்.

இதே நெட்ஃப்ளிக்ஸ் 2021இல் ஷீ-ராவின் இரட்டைச் சகோதரன் ஹீ-மேனை இரண்டு தொடர்களாக இறக்கியது. வளர்ந்துவிட்ட பழைய ரசிகர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு மற்றொன்று. வியாபாரிக்குத் தெரிந்த வித்தியாசம் விசுவாசிகளுக்குத் தெரியவில்லை.

எட்டு வயதுக் குழந்தைக்கு மறுஆக்கம் என்று ஒன்று கிடையாது. அதற்கு எல்லாமே முதல் தடவை. நம்முடைய பால்யத்தை அதன் தலையில் கட்ட நமக்கு என்ன உரிமை?