அடைச்சு வெச்சா கவனம் வந்துடுமா?

"பையனுக்குப் படிப்புல கவனமே இல்லைங்க, அதான் ஹாஸ்டல்ல போட்டுட்டேன்." எங்க தருமபுரி பக்கம் அடிக்கடி காதுல விழற டயலாக் இது. தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்னு விடுதிப் பள்ளிகளுக்குப் பேர் போன வட்டாரமாச்சே. பிராய்லர் பள்ளின்னு பட்டப்பேர் சும்மா வரலை. விடிய முன்னாடி எழுப்பறது, ராத்திரி வரைக்கும் ஸ்டடி ஹவர்ஸ், தலை நிமிர்ந்தா அதட்டல். கேட்டா, கவனம் சிதறக் கூடாதாம்!

அய்யா, அங்க சிதறாம இருக்கறது கண்ணு மட்டும்தான். மனசு எங்க மேயுதுன்னு எந்த வார்டனுக்குத் தெரியும்? எங்க தொழில்ல சொல்லணும்னா, சர்வர் 24 மணி நேரமும் ஆன்ல இருக்குங்கறதும், அது வேலை செய்யுதுங்கறதும் ஒண்ணு இல்லை.

இதுல இன்னொரு கூத்து. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைப்பாங்க. அதைத் தடுக்கத்தான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்துச்சு. 2025ல அதையும் எடுத்தாச்சு. ஒரே புத்தகத்தை ரெண்டு வருஷம் ஓட்டினா யாருக்குங்க மனசு நிக்கும்?

2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு பகுதியைத் திரும்பப் படிக்கறதா, இல்லை பார்க்காம எழுதிப் பார்க்கறதா, எது நிக்கும்? அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ திரும்பப் படிச்சவங்க கொஞ்சம் முந்தினாங்க. ஒரு வாரம் கழிச்சு? படிச்சதுல அவங்களுக்கு நின்னது சுமார் 42 சதவீதம். எழுதிப் பார்த்தவங்களுக்கு 56!

"அங்கயும் தினமும் டெஸ்ட் இருக்கே"ம்பீங்க. இருக்கு. ரேங்க் போடறதுக்கும் திட்டறதுக்கும் இருக்கு. எதை மறந்தோம்னு பையன் தானே கண்டுபிடிச்சு சரி பண்றதுக்கு நேரம் இருக்கா?

செல்போனைப் பிடுங்கி வைக்கறது சரிதான், ஆனா அது பாதி வேலைகூட இல்லை. அரை மணி நேரம் படிக்கட்டும். புத்தகத்தை மூடிட்டு, ஞாபகம் இருக்கறதை எழுதட்டும். விட்டுப் போனதைத் தேடி மறுபடி புரட்டட்டும். ஏதோ ஒண்ணைத் தேடிக்கிட்டுப் படிக்கறப்போ கவனம் தானா வரும், காவலுக்கு ஆள் தேவையில்லை.

இதுக்கு லட்ச ரூபா ஃபீஸும் வேண்டாம், காம்பவுண்டு சுவரும் வேண்டாம். பாதி எழுதின பழைய நோட்டு ஒண்ணு போதும் :)