கண் சிமிட்டும் நட்சத்திரம்

சப்தரிஷி மண்டலம் இருக்கும் திசையில், சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளி வருஷங்களுக்கு அப்பால், எம் 82 என்று வான சாஸ்திரிகள் குறிப்பிடும் நட்சத்திரக் கூட்டம் ஒன்று இருக்கிறது. 2014-ம் வருஷ ஆரம்பத்தில் அதில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. அதை ஆராய்வதற்காக, பூமியைச் சுற்றி வரும் நூஸ்டார் என்ற அமெரிக்கத் தூரதிருஷ்டிக் கண்ணாடியை அத்திசையில் திருப்பினார்கள். தேடியது ஒன்று, அகப்பட்டது வேறொன்று. அக்கூட்டத்தில் எக்ஸ்ரே கிரணங்களை அபரிமிதமாக வாரியிறைக்கும் ஒரு ஜோதி, 1.37 விநாடிக்கு ஒரு முறை, தவறாமல், கூடிக் குறைவதை மத்தேயோ பாக்கெட்டி என்ற இத்தாலியரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள்.

இதில் என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். இத்தகைய பேரொளிகள் கருந்துளைகளின் வேலையே என்றுதான் விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அதுவரை நம்பியிருந்தனர். ஆனால் கருந்துளைக்கு மேற்பரப்பு என்பதே கிடையாது. கலங்கரை விளக்கம் போல் சுழன்று சுழன்று ஒளி வீச அதனால் இயலாது. நியூட்ரான் நட்சத்திரத்தால் இயலும். அதுவோ சூரியனை விட எடை மிகுந்தது. ஆயினும் ஏறக்குறைய 12 மைல் அகலத்துக்குள் அடங்கிவிடுவது. பக்கத்துத் துணை நட்சத்திரத்தின் பொருளை இழுத்து விழுங்கி அது எரிகிறது.

சங்கடம் இங்கேதான். ஒளி மிகுந்தால் அதன் அழுத்தமே, விழ வரும் பொருளை வெளியே தள்ளிவிடும். ஆகவே ஒவ்வோர் எடைக்கும் பிரகாசத்தில் ஓர் எல்லை உண்டென்று ஆர்தர் எடிங்டன் கணக்கிட்டிருந்தார். இந்தச் சிறு நட்சத்திரமோ அவ்வெல்லையைப் போல் சுமார் 100 மடங்கு, அதாவது 1 கோடி சூரியர்களுக்குச் சமானமாக, ஜொலிக்கிறது! ஒளி ஒரு பக்கமாகக் குவிந்து வீசுவதால்தான் அப்படித் தோன்றுகிறது என்றனர் சிலர். உக்கிரமான காந்த சக்தியே காரணம் என்றனர் வேறு சிலர். 2023-ல் வெளியான ஆராய்ச்சியோ, துணை நட்சத்திரத்திலிருந்து வருஷந்தோறும் ஒன்றரைப் பூமி எடையுள்ள பொருள் பெயர்ந்து வருவதாகக் காட்டியது. இரை அத்தனை இருக்கையில், பிரகாசம் வெறும் தோற்றமே என்ற வாதம் நமக்குச் சற்று மெலிந்ததாகவே படுகிறது.

ஒரு விஷயம் சொல்லாமல் விட மனமில்லை. அங்கே நெருங்கி நிற்கும் இரண்டு ஜோதிகளில் சிமிட்டுவது எது என்று பிரித்துக் காட்ட உதவியது, நமது சந்திரசேகரின் பெயர் தாங்கிய 'சந்திரா' தூரதிருஷ்டிக் கண்ணாடி. 1935-ல் லண்டன் வான சாஸ்திர சபையில் அந்த இளைஞரின் கொள்கையைப் பரிகசித்தவர் இதே எடிங்டன்தான். அவர் வகுத்த எல்லையை மீறிய நட்சத்திரத்தை அடையாளம் காட்டும் பணி அந்தப் பெயருக்கு வாய்த்ததில் நாம் சிறிது குதூகலித்தால் நேயர்கள் மன்னிப்பார்களாக.

2014-க்குப் பிறகு வேறு கூட்டங்களிலும் இத்தகைய சிமிட்டல்கள் அகப்பட்டிருக்கின்றன. என்.ஜி.சி. 5907 என்ற கூட்டத்தில் உள்ள ஒன்று 2003-ல் 1.43 விநாடிக்கு ஒரு முறை சுழன்றது, 2014-ல் 1.13 விநாடியே போதுமானதாயிற்று. மேலே வந்து விழுந்த பொருள் அதை அப்படி முடுக்கிவிட்டிருந்தது.